எந்த இரவு, எந்த எண்ணெய்: பெர்லினில் ஒரு ஹனுக்கா விருந்துக்குப் போட்ட கணக்கு

வருகிற டிசம்பரில் எங்கள் வீட்டில் பன்னிரண்டு பேருக்குச் சாப்பாடு. ஹைஃபாவிலிருந்து மாமியார் வருகிறார். பாரிஸிலிருந்து நாத்தனார், அவர் கணவர், மூன்று பிள்ளைகள். எதிர் வீட்டு ஜெர்மன் தம்பதி. மிச்சம் நாங்கள் நால்வர். வீடு பெர்லினில், நான்காம் மாடியில். சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் வெளியே போக வேண்டும். கணவர் யூதர். நான் திருச்சிக்காரி, யூதப் பெண் இல்லை. முட்டை வரைக்கும் சாப்பிடுவேன். அதற்கு மேல் போவதில்லை.

இந்த விருந்தை ஏற்கெனவே ஒரு முறை கெடுத்திருக்கிறேன். 2024-இல் யூதர்களின் விளக்குப் பண்டிகையான ஹனுக்காவின் முதல் இரவு டிசம்பர் 25-இல் வந்தது. கிறிஸ்துமஸ் அன்று ஜெர்மனியில் கடை திறக்காது. முந்தின நாள் மதியமே மூடிவிட்டு 27 காலையில்தான் திறப்பார்கள். உருளைக்கிழங்கைத் துருவி முடித்த பிறகுதான் முட்டை நான்குதான் இருக்கிறது என்று பார்த்தேன். கீழ் வீட்டுப் பாட்டியிடம் கடன் வாங்கி வருவதற்குள் துருவல் சாம்பல் நிறமாகிவிட்டது. எண்ணெய்ப் புகைக்குக் கூடத்துப் புகை எச்சரிப்பான் அலறியது. கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று துண்டால் அதற்கு விசிறிக்கொண்டிருந்தார். தொலைபேசித் திரையில் மாமியார் ஹைஃபாவிலிருந்து, "திருப்பாதே, இன்னும் திருப்பாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எட்டு மணிச் சாப்பாடு ஒன்பதரைக்கு மேசைக்கு வந்தது. மாட்டிறைச்சிக் குழம்புக்குப் பக்கத்தில் புளித்த பாலேடும் வந்தது. அதை வைத்தது நான்தான்.

ஆகவே இந்த முறை முன்கூட்டியே உட்கார்ந்து ஒவ்வொன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தேன். வெளிநாட்டில் இருந்துகொண்டு இப்படி ஒரு கலவைக் குடும்பத்துக்குச் சமைக்கப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு உதவலாம்.

முதலில், தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. செலூக்கிய அரசன் நான்காம் அந்தியோக்கஸின் ஆட்களிடமிருந்து எருசலேம் ஆலயத்தை மக்கபேயர்கள் என்ற யூதக் கிளர்ச்சியாளர்கள் மீட்டு, கி.மு. 164-இல் மறுபடி அதைப் புனிதப்படுத்தினார்கள். தீட்டுப்படாத எண்ணெய் ஒரு நாளுக்குத்தான் இருந்தது, அது எட்டு நாள் எரிந்தது என்பது கதை. அதனால் எட்டு இரவு விளக்கு, எண்ணெயில் பொரித்த பலகாரம். நம் தீபாவளியைப் போல இதுவும் அமாவாசையை ஒட்டித்தான் வரும். விளக்கு மட்டும்தான் கட்டாயம். விருந்து கட்டாயமில்லை என்பது எனக்கு ரொம்ப நாள் தெரியாது. பாஸ்கா பண்டிகை என்றால் குறிப்பிட்ட இரவில் குறிப்பிட்ட வரிசையில் சாப்பிட்டே ஆக வேண்டும். ஹனுக்காவில் அப்படி இல்லை. எட்டில் எந்த இரவையும் எடுத்துக்கொள்ளலாம். சுதந்திரம் அதிகம், குழப்பமும் அதிகம்.

எந்த இரவு

2026-இல் முதல் விளக்கு டிசம்பர் 4, வெள்ளிக்கிழமை மாலை. எட்டாவது விளக்கு டிசம்பர் 11, அதுவும் வெள்ளிதான். கேட்டவர்கள் எல்லோரும் "முதல் இரவு வை" அல்லது "கடைசி இரவு வை, எல்லா விளக்கும் எரியும்" என்றார்கள். இரண்டும் சபாத்தில், அதாவது வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் யூத ஓய்வு நாளில், போய் விழுகின்றன.

டிசம்பர் முதல் வாரத்தில் பெர்லினில் நான்கு மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். சபாத் தொடங்கிவிட்டால் நெருப்பு மூட்டக்கூடாது, அணைக்கக்கூடாது, சமைக்கக்கூடாது. நாத்தனார் கணவர் இதில் கறார். (அவரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். என்ன முறை என்று விளக்கிச் சொன்னதிலிருந்து அவர் பிள்ளைகளும் என் கணவரை "மாமா" என்கிறார்கள்.) வெள்ளிக்கிழமை விருந்து என்றால் மூன்றரைக்குள் பொரித்து முடித்துவிட்டு ஆறு மணி வரை சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பொரித்த பண்டத்தை இரண்டரை மணி நேரம் மூடி வைத்தால் என்ன ஆகும் என்று வடை சுட்ட யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. படம் எடுக்க முடியாது. ஹைஃபாவில் இருக்கும் கொழுந்தனாரைத் திரையில் கூப்பிடவும் முடியாது. வெள்ளியின் பக்கம் ஒரே ஒரு நியாயம் உண்டு: சபாத் இரவு எப்படியும் நல்ல சாப்பாட்டு இரவு, மேசை விரிப்பு ஏற்கெனவே போட்டிருக்கும்.

ஞாயிறு, டிசம்பர் 6. பார்த்ததும் இதுதான் சரி என்று தோன்றியது. ஆனால் அன்று நிக்கோலாஸ் நாள். முந்தின இரவே பிள்ளைகள் பூட்ஸைத் துடைத்து வாசலில் வைப்பார்கள், காலையில் அதில் மிட்டாய் இருக்கும். எங்கள் சின்னவனுக்கு அதை விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு அட்வென்ட் ஞாயிறுகளில் இரண்டாவதும் அன்றுதான், எதிர் வீட்டார் தங்கள் மகள் வீட்டுக்குக் காபிக்குப் போய்விடுவார்கள். ஞாயிறு கடைகளும் மூடல். பாரிஸ்காரர்கள் திங்கள் பள்ளிக்காக ஞாயிறே ரயில் ஏற வேண்டும். நேரடி ரயிலிலேயே எட்டு மணி நேரம்.

வார நாள்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். ஏழு மணிக்கு வேலையிலிருந்து வந்து பன்னிரண்டு பேருக்குப் பொரிக்க என்னால் ஆகாது.

மிச்சம் சனிக்கிழமை இரவு. ஐந்து மணி வாக்கில் நட்சத்திரம் தெரிந்ததும் சபாத் முடியும். அதை வழியனுப்பும் சடங்கு, பிறகு ஹனுக்கா விளக்கு, பிறகு அடுப்பு. ஏழரைக்குச் சாப்பாடு. பத்து மணிக்கு மேல் சத்தம் போட்டால் ஜெர்மன் அண்டை வீட்டார் முகம் சுளிப்பார்கள் என்றாலும், இந்தத் தடவை அண்டை வீட்டாரே மேசையில்தான் இருப்பார்கள். மறுநாள் விடுமுறை. சனி என்று முடிவு செய்துவிட்டேன்.

குறை ஒன்று உண்டு. சனி இரண்டாம் இரவு. இரண்டு விளக்கும், அவற்றை ஏற்றுகிற துணை விளக்கான ஷமாஷும் சேர்த்து மூன்றே சுடர். ஒன்பது கிளைத் தண்டில் மூன்று சுடர் எரிந்தால் மேசை மொட்டையாகத் தெரியும். யூதச் சட்ட விவாத நூலான தல்மூதில் இதைப் பற்றி ஒரு பழைய வழக்கு இருக்கிறது. முதல் நாள் எட்டு ஏற்றி, நாளுக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும் என்றது ஷம்மாய் பள்ளி. ஒன்றில் தொடங்கி ஏற்றிக்கொண்டே போக வேண்டும், புனிதத்தில் இறங்குமுகம் கூடாது என்றது ஹில்லேல் பள்ளி. ஹில்லேல் வென்றது. ஷம்மாய் வென்றிருந்தால் என் விருந்தில் ஏழு விளக்கு எரியும். இந்தக் குறைக்கு வேறொரு வழி கிடைத்தது, கீழே சொல்கிறேன்.

வீடா, வெளியா

வெளியே போவதுதான் எளிது. பிராண்டன்பர்க் வாயிலுக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 10 மீட்டர் உயரத்தில் ஹனுக்கியா, அதாவது ஒன்பது கிளை விளக்குத்தண்டு, நிறுத்துகிறார்கள். 2023-இல் அதில் முதல் விளக்கை ஏற்றியது அப்போதைய பிரதமர் ஷோல்ஸ். கட்டணம் இல்லை, பாத்திரம் கழுவும் வேலை இல்லை. ஆனால் பை சோதனை, காவலர் வரிசை, பனியில் ஒரு மணி நேரம் நிற்பது எல்லாம் எண்பதை நெருங்கும் மாமியாருக்கு முடியாது. பிள்ளைகளை இன்னொரு நாள் கூட்டிப்போகலாம்.

கோஷர், அதாவது யூத உணவு விதிப்படி சமைக்கும், உணவகத்தில் மேசை பதிவு செய்யலாம், கோஷர் சமையல்காரரிடம் சொல்லி வரவழைக்கலாம். பெர்லினில் அப்படிப்பட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், விலையும் அதற்கேற்ப இருக்கும். உங்கள் விருந்தினரில் இரண்டு மூன்று குடும்பம் கறாராகக் கோஷர் பார்க்கிறவர்கள் என்றால் யோசிக்காமல் இதைச் செய்யுங்கள். உங்கள் பாத்திரத்தில் அவர்கள் சாப்பிட மாட்டார்கள். சாப்பிடாமல் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பரிமாறுவதைப் போல ஒரு கஷ்டம் கிடையாது.

எங்களிடம் கறாரானவர் ஒருவர்தான், அவரும் நெளிந்து கொடுக்கத் தெரிந்தவர். அவருக்காகத் தனி வாணலி, தனித் துருவி, இரண்டு அகப்பை வாங்கிப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறேன். ஆனால் பாத்திரத்தோடு விஷயம் முடியவில்லை. யூதர் அல்லாதவர் தனியாகச் சமைத்ததைச் சாப்பிடக்கூடாது என்று ஒரு விதி இருக்கிறது. கிழக்கு ஐரோப்பிய அஷ்கெனாஸி மரபில் இதற்குச் சலுகை உண்டு: அடுப்பை ஒரு யூதர் பற்ற வைத்தால் போதும், மற்றதை யாரும் பார்த்துக்கொள்ளலாம். அண்ணாவின் குடும்பம் மொராக்கோவிலிருந்து வந்தது, செபார்டி மரபு. அவர்களுக்குப் பற்ற வைத்தது போதாது; பண்டத்தை அடுப்பில் இடுவதும் யூதர் கையாக இருக்க வேண்டும்.

அதாவது, இரண்டாயிரம் ஆண்டுச் சட்டம் வந்து என் கணவரை அடுப்படியில் நிறுத்திவிட்டது. எனக்கு இதில் ஆட்சேபம் எதுவும் இல்லை. வீட்டில்தான் விருந்து.

இறைச்சியா, பாலா

கோஷர் சமையலில் இறைச்சியும் பாலும் ஒரே சாப்பாட்டில் சேராது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டால் பாதிப் பட்டியல் தானாக முடிவாகிவிடும். 2024-இல் நான் இதைத்தான் கடைசிக்குத் தள்ளினேன்.

இறைச்சி என்றால் நெஞ்சுப் பகுதி மாட்டிறைச்சியை மெல்லிய சூட்டில் நான்கைந்து மணி நேரம் வேக வைப்பது. ஒரே பாத்திரம், முந்தின நாளே செய்துவிடலாம், மறுநாள் சுவை கூடும். கூட்டத்துக்கு இதைவிட வசதியான சமையல் இல்லை. ஆனால் இறைச்சி வந்ததும் உருளைக்கிழங்கு அடைக்குப் பாலேடு போய்விடும், ஆப்பிள் கூழ் மட்டும்தான். பலகாரத்தில் வெண்ணெய் சேர்க்க முடியாது. சாப்பாட்டுக்குப் பிறகு பால் காபியும் கிடையாது. எத்தனை நேரம் கழித்துக் குடிக்கலாம் என்பதில் ஊருக்கொரு வழக்கம்: பலர் ஆறு மணி நேரம், பழைய ஜெர்மன் யூதர்கள் மூன்று, டச்சுக்காரர்கள் ஒன்று. பாட்டிக்கும் பேரனுக்கும் நடுவில் கடிகாரம் வைத்துக்கொண்டு இதைப் பேசி முடிக்க எனக்குத் தெம்பில்லை. தவிர, நான் சாப்பிட மாட்டேன்.

பாலுக்கு ஹனுக்காவிலேயே ஒரு நியாயம் இருக்கிறது. யூதித் என்ற பெண் எதிரிப் படைத் தலைவனுக்கு உப்பான பாலாடைக்கட்டி கொடுத்து, தாகத்துக்கு மது கொடுத்து, அவன் தூங்கியதும் தலையை வெட்டினாள் என்ற கதையை இந்தப் பண்டிகையோடு சேர்த்துச் சொல்வார்கள். அதன் நினைவாகப் பாலாடை சாப்பிடும் வழக்கம் உண்டு என்று 16-ஆம் நூற்றாண்டில் கிராகோவில் வாழ்ந்த யூத மதகுரு ரபி மோசே இசெர்லெஸ் எழுதியிருக்கிறார். உருளைக்கிழங்கு ஐரோப்பியச் சமையலறைக்குள் பரவலாக நுழைந்ததே அதற்குப் பிறகுதான். இன்று எல்லோரும் பரம்பரை பரம்பரையாக என்று சொல்லும் உருளைக்கிழங்கு அடைக்கு முன்னோடி பாலாடை அடைதான்.

பாலோடு மீன் சேர்த்தால் நல்ல விருந்தாகும் என்று முதலில் நினைத்தேன். மீன் இறைச்சிக் கணக்கில் வராது. புகையூட்டிய சால்மன், பாலேடு, அடை என்று மாமியாரும் தலையாட்டினார். அண்ணாதான், "எங்கள் பக்கம் மீனையும் பாலையும்கூடச் சேர்ப்பதில்லையே" என்று மெல்லச் சொன்னார். செபார்டிகளில் பலருக்கு அப்படி ஒரு வழக்கம் இருக்கிறது.

சால்மன் போகட்டும். சைவப் பால் சாப்பாடு என்று முடிவானது. பருப்பு சூப், பீட்ரூட் கூட்டு, அடை, பாலேடு, ஆப்பிள் கூழ், பலகாரம். பருப்பு சூப் என்று நான் பரிமாறுவது மிளகு ரசம்தான். மூன்று வருடமாக யாரும் கண்டுபிடிக்கவில்லை. நாத்தனார் செய்முறை கேட்டு வாங்கிப் போயிருக்கிறார். அண்ணாவுக்கு ஏற்ற முத்திரையுள்ள பாலேட்டை அவரே பாரிஸிலிருந்து குளிர்ப்பையில் கொண்டு வருவார். அங்கே கோஷர் கடைக்குப் பஞ்சமில்லை. பெர்லினில் வாங்குபவர்கள் 'ஷ்மாண்ட்' என்று எழுதிய டப்பாவை எடுங்கள். 'ஸௌரெ ஸானெ' என்பதில் கொழுப்பு பாதிதான், சூடான அடை மேல் தண்ணீராக ஓடும்.

எதைப் பொரிப்பது

இங்கே மூன்று கட்சி. மாமியாருடைய கட்சி லாட்கே, உருளைக்கிழங்கு அடை. பிள்ளைகளின் கட்சி சுஃப்கானியா, உள்ளே ஜாம் வைத்த உருண்டை. அண்ணாவின் கட்சி ஸ்ஃபென்ஜ், நடுவில் ஓட்டை போட்ட மொராக்கோப் பலகாரம்.

சுஃப்கானியாவை வீட்டில் செய்யாதீர்கள். பெர்லினில் அதைச் செய்ய வேண்டிய தேவையே இல்லை, ஏனென்றால் அதே பண்டம் இந்த ஊர் பேக்கரியில் ஆண்டு முழுக்கக் கிடைக்கிறது. ஜெர்மனியின் பல பகுதிகளில் அதன் பெயரே 'பெர்லினர்'. பெர்லின்காரர்கள் மட்டும் 'ஃபான்குஹென்' என்பார்கள். மற்ற ஊர்களில் அந்தச் சொல்லுக்குத் தோசைக்கல்லில் ஊற்றும் அடை என்று பொருள். வந்த புதிதில் நான் பேக்கரியில் ஃபான்குஹென் கேட்டு, ஜாம் உருண்டை வந்து, தவறாகக் கொடுத்துவிட்டார் என்று திருப்பித் தரப் பார்த்தேன். ஒரே எச்சரிக்கை: பழைய முறைப்படி இதைப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பார்கள். எதில் பொரித்தது என்று கேட்டு வாங்குங்கள். அண்ணாவுக்கு எப்படியும் பேக்கரிப் பண்டம் ஆகாது. எங்கள் பிள்ளைகளுக்கும் எதிர் வீட்டாருக்கும் ஆகும்.

லாட்கேதான் மேசையின் நடுவில் இருக்க வேண்டும். இதிலும் ஊர் உங்களுக்கு உதவும். கிறிஸ்துமஸ் சந்தையில் ஆப்பிள் கூழோடு விற்கும் 'கார்டோஃபெல்புஃபர்' கிட்டத்தட்ட இதே பண்டம்தான். கடைகளில் அதற்கான மாவு குளிர்பெட்டியில் கிடைக்கும். ஒரு முறை வாங்கிப் பார்த்தேன்: கூழாக அரைத்திருந்தது, ஓரத்தில் மொறுமொறுப்பே இல்லை. மாமியாரிடம் அதைக் கொண்டுபோகும் துணிச்சல் எனக்கில்லை.

துருவுவதென்றால் கிழங்கைப் பார்த்து வாங்குங்கள். ஜெர்மன் கடையில் உருளைக்கிழங்குப் பை மேல் வேகும் தன்மையை எழுதியிருப்பார்கள். 'ஃபெஸ்ட்கோஹெண்ட்' என்றால் வெந்தாலும் கட்டியாக நிற்கும், பொரியலுக்கு நல்லது. லாட்கேக்கு வேண்டியது மாவுச்சத்து அதிகமுள்ள 'மேலிஷ்கோஹெண்ட்', பெரும்பாலும் நீலப் பட்டை போட்டிருக்கும். பன்னிரண்டு பேருக்கு இரண்டரைக் கிலோ, வெங்காயம் மூன்று, முட்டை ஐந்து. (டஜனாக வாங்குங்கள்.) வெங்காயத்தைக் கிழங்கோடு மாற்றி மாற்றித் துருவினால் கறுப்பது குறையும். பிறகு துணியில் கட்டி, கை வலிக்க வலிக்கப் பிழிய வேண்டும். பிழிந்த தண்ணீரைக் கொட்டிவிடாமல் ஐந்து நிமிடம் வைத்தால் அடியில் வெள்ளையாக மாவு படியும். மேல் தண்ணீரை வடித்துவிட்டு அந்த மாவைத் துருவலில் திரும்பச் சேர்ப்பதுதான் மாமியாரின் ரகசியம். அதற்கு மேல் மாவு எதுவும் அதிகம் தேவைப்படாது. விருந்து வைப்பவருக்கு லாட்கேயிடம் பிடித்த குணம், அது காத்திருக்கும். ஆறு மணிக்குப் பொரித்து, கம்பித் தட்டில் பரப்பி, 200 டிகிரி ஓவனில் ஏழரைக்குச் சூடு காட்டினால் பழைய மொறுமொறுப்பு திரும்பிவிடும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கினால் போச்சு.

ஸ்ஃபென்ஜ் காத்திருக்காது. அரை மணியில் ரப்பர் ஆகிவிடும். மைதா, ஈஸ்ட், தண்ணீர், உப்பு, கொஞ்சம் சர்க்கரை, அவ்வளவுதான். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. யாருக்கு எந்த விலக்கு இருந்தாலும் சாப்பிடலாம். மாவு தளர ஒட்டும், கட்டையால் தேய்க்க முடியாது. அண்ணாவின் அம்மா செய்வதைப் பாரிஸில் முதன்முதலாகப் பார்த்தபோது நான் பேச்சற்று நின்றேன். கையைத் தண்ணீரில் நனைத்து, ஓர் எலுமிச்சை அளவு மாவைக் கிள்ளி, உள்ளங்கையில் உருட்டி, கட்டைவிரலால் நடுவில் குத்தி, அப்படியே எண்ணெயில் நழுவ விட்டார். என் அம்மா உளுந்து வடை போடுகிற அதே கை. நான் பக்கத்தில் போய்க் கையை நனைத்து ஒன்று போட்டேன். வட்டமாகப் போய் விழுந்தது. அவர் என்னைப் பார்த்து அரபியில் ஏதோ சொன்னார், அண்ணா சிரித்துக்கொண்டே, "இவளுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்கிறார்" என்றார்.

இதில் சிக்கல், மேலே சொன்ன விதி. வடை தட்டுவதும் எண்ணெயில் விடுவதும் ஒரே அசைவு. என் கையால் தட்டலாம், எண்ணெயில் விடக்கூடாது. எங்கள் ஊரில் வாழையிலையில் தட்டி நழுவ விடுவது உண்டல்லவா? இலைக்குப் பதில் எண்ணெய் தடவிய பேக்கிங் தாள். நான் தாளில் தட்டிக் கொடுப்பேன், கணவர் அதை வாங்கிக் கவிழ்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்த்தோம். முதல் நான்கு தாளோடு சேர்ந்து விழுந்தன. ஐந்தாவதிலிருந்து சரி.

ஆக, லாட்கே சாப்பாட்டோடு, ஸ்ஃபென்ஜ் சாப்பாடு முடிந்த பிறகு வாணலியிலிருந்து நேரே கைக்கு. மாவை வெள்ளி மதியமே பிசைந்து குளிர்பெட்டியில் வைத்துவிட்டால் சனி மாலை வரை மெதுவாகப் பொங்கும். கிழங்கை மட்டும் சபாத் முடிந்த பிறகுதான் துருவ வேண்டும். நான் யூதர் இல்லாததால் மதியமே துருவலாமே என்று கேட்பீர்கள். அவர்களுக்காக நான் சபாத்தில் செய்யும் வேலையின் பலனை அவர்கள் அனுபவிக்கக்கூடாது என்று அதற்கும் ஒரு விதி. பரவாயில்லை, ஐந்தே காலுக்கு எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கிழங்கு. கூடத்துக் கதவை மூடி, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தால் எச்சரிப்பானும் சும்மா இருக்கும்.

மெழுகா, அகலா

கடைகளில் 44 மெழுகுவர்த்தி கொண்ட பெட்டி விற்பார்கள். ஒன்றிலிருந்து எட்டு வரை கூட்டினால் 36, ஷமாஷுக்கு எட்டு. மெல்லியவை, அரை மணி நேரம் எரியும். மற்ற நாளுக்குப் போதும், வெள்ளிக்கிழமைக்குப் போதாது. அன்று சபாத்துக்கு முன்பே ஏற்றி, இருட்டிய பிறகும் அரை மணி நேரம் எரிய வேண்டும்; பெர்லினில் ஒன்றரை மணிக்கு மேல் ஆகிவிடும். அதனால் வெள்ளிக்கு எண்ணெய் விளக்கே நல்லது. ஆலிவ் எண்ணெய்க்கு மரபில் தனி மதிப்பும் உண்டு.

இந்த இடத்தில் என் திருச்சி அகல்கள் வேலைக்கு வந்தன. ஹனுக்கியாவே வேண்டும் என்பதில்லை. எட்டு விளக்கு, ஒரே உயரத்தில், ஒரே வரிசையில், ஒன்றோடொன்று சுடர் கலக்காமல் இருந்தால் சரி. ஒன்பதாவது ஷமாஷ் மட்டும் தனித்து உயரமாக இருக்க வேண்டும். பண்டிகை விளக்கு பார்ப்பதற்கு மட்டும்தான், அதன் வெளிச்சத்தில் வேறு காரியம் செய்யக்கூடாது. வெளிச்சம் தேவையானால் அது ஷமாஷின் கணக்கு. குத்துவிளக்கை ஏற்றலாமா என்று ஆசையாகக் கேட்டுப் பார்த்தேன். முடியாது. ஒரே கிண்ணத்து எண்ணெயில் சுற்றிவரத் திரி போட்டால் அது விளக்கு வரிசையாகாது, தீக்குவியல் போலாகிவிடும் என்று தல்மூதிலேயே இருக்கிறதாம். மண் அகலும் புதிதாக இருப்பது நல்லது என்றார் அண்ணா. ஊரிலிருந்து வந்த பெட்டியில் பிரிக்காத இரண்டு டஜன் இருந்தன.

மொட்டை மேசைக்கும் இதுதான் வழி. செபார்டி வழக்கப்படி குடும்பத்துக்கு ஒரு ஹனுக்கியா. அஷ்கெனாஸி வழக்கப்படி ஆளுக்கொன்று ஏற்றலாம். மாமியார், கணவர், எங்கள் பிள்ளைகள் இருவர், அண்ணா குடும்பத்துக்கு ஒன்று. ஐந்து வரிசை, வரிசைக்கு மூன்று சுடர், இரண்டாம் இரவிலேயே பதினைந்து.

எங்கே வைப்பது என்பதுதான் நாங்கள் அதிகம் பேசாமல் தள்ளிப்போட்ட கேள்வி. அற்புதத்தை ஊரறியச் செய்ய, தெருவைப் பார்த்த வாசலிலோ ஜன்னலிலோ வைக்க வேண்டும் என்பது விதி. ஆபத்துக் காலத்தில் மேசை மேல் வைத்தால் போதும் என்பதும் அதே விதியில் அடுத்த வரி. 1931-இல் ஜெர்மனியின் கீல் நகரத்தில் ரபி அகிவா போஸ்னரின் மனைவி ராகேல் எடுத்த ஒரு படம் உண்டு: ஜன்னல் விளிம்பில் ஹனுக்கியா, எதிர்க் கட்டடத்தில் நாஜிக் கொடி. அந்த ஹனுக்கியாவை 2022 டிசம்பரில் அவர்கள் குடும்பத்தார் பெர்லினுக்குக் கொண்டுவந்து, குடியரசுத் தலைவர் மாளிகையில் ஏற்றினார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்த மாளிகை தொலைவில் இல்லை. ஆனாலும் 2023-இல் என் கணவர் விளக்கைத் தெரு ஜன்னலிலிருந்து எடுத்து உள்முற்றத்து ஜன்னலுக்கு மாற்றினார். நான் ஏன் என்று கேட்கவில்லை.

இந்த ஆண்டு அண்ணாவிடம் கேட்டேன். அவர் ஜன்னலைத் திறந்து கீழே எட்டிப் பார்த்தார். இருபது முழத்துக்கு மேலே இருந்தால் தெருவில் போகிறவர் கண்ணில் விளக்கு படாது, அங்கே ஜன்னலுக்குக் கட்டாயம் இல்லை என்றார். நான்காம் மாடி இருபது முழத்தைத் தாண்டும். எதிர் வீடுகளுக்குத் தெரியும் என்பதற்காக வைப்பவர்களும் உண்டு என்று அவரே சேர்த்துக்கொண்டார். மாமியார் ஹைஃபாவிலிருந்து, "வந்து பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அதாவது தெரு ஜன்னல். அதன் திரைச்சீலையை இப்போதே கழற்றி வைத்துவிட்டேன், தீப்பிடித்துத் தொலைக்கும்.

மற்றவை

திரை அழைப்பு: ஹைஃபா எங்களைவிட ஒரு மணி நேரம்தான் முன்னால், ஆறு மணிக்குக் கூப்பிடலாம். நியூயார்க்கில் உறவு இருப்பவர்கள் சேர்ந்து விளக்கேற்றும் ஆசையை விட்டுவிடுங்கள். உங்கள் ஆறு மணி அவர்களுக்கு நண்பகல். பரிசு: சாக்லேட் காசு போதும், நிக்கோலாஸ் வேறு அன்றிரவே வருகிறார்.

ஹனுக்காவில் பிள்ளைகள் காசு வைத்து ஆடும் பம்பரம் வாங்கும்போது மட்டும் கவனியுங்கள். நான்கு பக்கத்திலும் ஒவ்வோர் எபிரேய எழுத்து இருக்கும். வெளிநாட்டுப் பம்பரத்தில் நான்காவது எழுத்து ஷின்: "பெரிய அற்புதம் அங்கே நடந்தது". இஸ்ரேலில் விற்பதில் அது பே: "இங்கே நடந்தது". எங்கள் டப்பாவில் இரண்டும் கலந்து கிடக்கின்றன. ஷின் விழுந்தாலும் பே விழுந்தாலும் ஒரு காசைக் கட்ட வேண்டும் என்பதுதான் ஆட்ட விதி. சின்னவன் போன தடவை பே பம்பரத்தைச் சுற்றித் தோற்றதும், இது ஹைஃபாவில்தான் செல்லும், பெர்லினில் செல்லாது என்று காசைத் தர மறுத்தான். இந்த முறை பாட்டியே எதிரில் உட்கார்ந்திருப்பார்.